புகையிரதமும் வடம் பிடிக்கும் கைகளும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



நம் நாட்டுத் தமிழில் ஒரு விநோதமான சொல் உண்டு. புகையிரதம் என்பது அது. தமிழகத்தார் ரயில் என்றும் தொடர்வண்டி என்றும் சொல்லுவார்கள். நமது பெரியவர்கள் பேச்சு வழக்கிலே கோச்சி என்பார்கள். ஆனால் பெயர்ப்பலகையிலும் அறிவித்தலிலும் பத்திரிகையிலும் எழுதும்போது புகையிரதம் என்றே எழுதுகிறோம். அந்தச் சொல்லில் இருக்கும் புகை இன்று எங்கே? 1950களின் நடுப்பகுதியில் கனடாவிலிருந்து டீசல் எஞ்சின்கள் இலங்கைக்கு வந்தன. அதன் பிறகு நிலக்கரி அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. புகை போய்விட்டது, சொல்லிலே மட்டும் தங்கிவிட்டது.

புகை போக எஞ்சியிருப்பது இரதம். இரதம் என்றால் தேர். தேர் என்பது தானாக ஓடுவதில்லை. ஊர் கூடி வடம் பிடித்தால்தான் ஓடும். கூலி வாங்காத கைகள் கூடி வடம் பிடித்து இந்த இரும்புத் தேரை இன்றைக்கும் ஓட்டுகின்ற இடங்கள் உலகத்தில் உண்டு. அவற்றைப் பற்றியும், அவர்களிடம் நாம் கற்கக் கூடியது என்ன என்பதைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

பிரித்தானியாவின் மேற்குப் பகுதியிலே வேல்ஸ் என்று ஒரு மலைநாடு இருக்கிறது. அவர்களுக்கென்று தனிமொழி, தனிப்பாட்டு, தனி மனப்பாங்கு உண்டு. அங்கே மலையிலிருந்து சிலேட்டுக் கல்லை வெட்டிக் கடற்கரைப் பக்கம் கொண்டுவருவதற்காக 1865இல் ஒரு சின்னப் புகையிரதப் பாதை போட்டார்கள். டலிதின் புகையிரதப் பாதை என்பது அதன் பெயர். நீளம் ஏறக்குறைய ஏழே கால் மைல். இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே இரண்டடி மூன்றங்குல அகலந்தான். முன்னொரு காலத்தில் நம் பிள்ளைகள் எழுதிப் பழகிய சிலேட்டு இருக்கிறதே, அந்தக் கல்லுக்காகப் பிறந்த பாதை அது.

காலம் மாறியது. கல்லை விட்டு மக்கள் ஓட்டுக்குப் போனார்கள். 1946இல் கற்சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பின்னும் பாதையின் உரிமையாளர் சேர் ஹென்றி ஹெய்டன் ஜோன்ஸ் என்பவர், தாம் உயிரோடு இருக்கும்வரை வண்டி ஓடும் என்று நட்டத்தைப் பாராமல் ஓட்டிவந்தார். பிரித்தானிய அரசு புகையிரதங்களை எல்லாம் 1948இல் அரசுடைமை ஆக்கியபோது இந்தக் குட்டிப் பாதை பட்டியலிலே இடம்பெறவில்லை. 1950ஆம் ஆண்டு யூலை மாதம் அந்தப் பெரியவர் காலமானார். அப்போது பாதை இருந்த நிலையைக் கேட்டால் சிரிப்பும் வரும், துக்கமும் வரும். ஓடக்கூடியதாக இருந்தது ஒரே ஒரு எஞ்சின். தண்டவாளம் தேய்ந்து, சிலிப்பர் கட்டை உக்கி, சுற்றிலும் முளைத்த புல்லின் வேர்தான் பாதையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் இலக்கியக்காரர் ஒருவர் வருகிறார். அவர் பெயர் எல்.ரி.சி. ரோல்ற். பொறியியல் பயின்றவர்; எழுத்தாளர். தமது சிறு படகிலே இங்கிலாந்தின் பழைய கால்வாய்கள் வழியே பயணம் செய்து, 1944இல் ஒரு நூல் எழுதினார். கைவிடப்பட்டுச் சேறு மண்டிக் கிடந்த கால்வாய்களின் பக்கம் மக்களுடைய கண்ணைத் திருப்பியது அந்த நூல். அதன் பயனாக 1946இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கமே எழுந்தது. அதே மனிதர் இப்போது இந்தக் குட்டிப் பாதையையும் காக்க நினைத்தார். 1950 ஒக்டோபர் 11ஆம் திகதி பேர்மிங்ஹாம் நகரத்து விடுதி ஒன்றிலே ஒரு கூட்டம் கூடியது. பாதையைக் காக்க ஒரு சங்கம் அமைப்பது என்று அங்கே முடிவாயிற்று. காலஞ்சென்றவரின் மனைவியாரும் அதற்கு இசைந்தார். 1951 மே 14ஆம் திகதி சங்கத்தின் முதல் வண்டி ஓடியது. ஒரு புகையிரதப் பாதையைத் தொண்டர்களே பொறுப்பேற்று ஓட்டியது உலகத்தில் அதுவே முதல் தடவை என்று சொல்லப்படுகிறது.

மூடப்பட்ட அயற்பாதை ஒன்றிலிருந்து இரண்டு பழைய எஞ்சின்களை, ஒன்று 25 பவுண் வீதம் வாங்கினார்கள். பாடசாலை ஆசிரியரும் வங்கி எழுதுவினைஞரும் கடைக்காரரும் விடுமுறை நாட்களில் வந்து, முழங்கால் சேற்றில் நின்று சிலிப்பர் கட்டை மாற்றினார்கள். ரோல்ற் முதல் இரண்டு பருவங்களில் முகாமையாளராக நின்று உழைத்தார். அந்த அனுபவத்தை 1953இல் நூலாக்கினார். அதைப் படித்தவர்கள் வேறு ஊர்களில் வேறு பாதைகளுக்குச் சங்கம் அமைத்தார்கள். ஒரு நல்ல உரைநடை நூல் தண்டவாளத்தைக் கூடத் தாங்கிப் பிடிக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அங்கே தொண்டு செய்ய வந்தவர்களில் இன்னொரு எழுத்தாளரும் இருந்தார். 'தோமஸ்' என்ற எஞ்சினின் கதைகளை நம் பிள்ளைகளும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதைகளை எழுதியவர் வில்பேர்ட் ஓட்ரி என்ற கிறிஸ்தவக் குருவானவர். அவர் 1952இல் டலிதினுக்கு வந்து தொண்டராகக் கார்ட் வேலை பார்த்தார். ஒருநாள் சிற்றுண்டி விற்கும் பெண்மணியை நிலையத்திலே விட்டுவிட்டு வண்டிக்குக் கொடி காட்டிவிட்டார். பிறகு அந்தச் சம்பவத்தையே கதையாக்கி, 1955இல் வெளியான நூலொன்றில் சேர்த்துக்கொண்டார். இன்று உலகக் குழந்தைகள் சிரிக்கும் அந்தக் கதை, ஒரு தொண்டரின் மறதியிலே பிறந்தது.

நேயர்களே, தொண்டு என்றால் எப்படியும் செய்யலாம், வந்தால் வரலாம், விட்டால் விடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நீராவி எஞ்சினிடம் அந்த நினைப்புச் செல்லாது.

காலை பத்து மணிக்கு வண்டி புறப்பட வேண்டுமென்றால், விடியும் முன்னரே ஒருவர் வந்து அடுப்பு மூட்ட வேண்டும். முதல்நாள் சாம்பலை வாரிக் கொட்ட வேண்டும். குளிர்ந்த கொதிகலனை அவசரப்பட்டுச் சூடாக்கினால், உலோகம் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய விரியும். குழாய்களின் பொருத்துகள் கசியத் தொடங்கும். ஆகவே சோறு வேகவைப்பது போல அல்லாமல், பிட்டு அவிப்பது போலப் பொறுமையாகச் சூடேற்ற வேண்டும். அதற்குள் சாரதி எண்ணெய்க் குவளையோடு எஞ்சினைச் சுற்றிவந்து, அசையும் மூட்டு ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விடுவார். ஓடும்போது பயர்மன் கண்ணாடிக் குழாயில் தெரியும் நீர்மட்டத்தை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடுப்பின் மேற்றகட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் தகடு பழுத்து இளகிவிடும். கொதிகலன் வெடித்தால் உயிர்கள் போகும். இந்த ஆபத்துக்காகவே அந்தத் தகட்டிலே ஈயம் வைத்த திருகாணி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, நீராவி அடுப்புக்குள்ளே சீறி எச்சரிக்கும்.

இப்படிப்பட்ட வேலையை யாரோ ஒருவர் ஆசைப்பட்டார் என்பதற்காகக் கையிலே கொடுத்துவிட முடியுமா? முடியாது. புதிதாக வருபவர் முதலிலே எஞ்சினைத் துடைக்க வேண்டும். துடைக்கும்போதுதான் எந்த ஆணி எங்கே இருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்பது கைக்குத் தெரியவரும். பிறகு பயர்மனாகப் பழக வேண்டும். ஆண்டுகள் சென்ற பிறகு, பரீட்சை வைத்துத் தேறினால் சாரதி ஆகலாம். வாரநாட்களில் பெரிய உத்தியோகம் பார்ப்பவரும் அங்கே சனிக்கிழமை துணியும் எண்ணெயுமாகக் குனிந்து நிற்பார். அவருக்குப் பழக்கிக் கொடுப்பவர் ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளியாக இருப்பார். கொதிகலனுக்கோ வழக்கமாகப் பத்து ஆண்டுக்கு ஒரு தடவை முழுப் பரிசோதனை உண்டு. எஞ்சினைப் பிரித்து, கொதிகலனைக் கழற்றி, பழுது பார்த்த பிறகே அது மறுபடியும் ஓட அனுமதி கிடைக்கும்.

கைகள் இலவசம் என்றாலும், இரும்பும் நிலக்கரியும் காப்புறுதியும் இலவசம் அல்ல. அந்தச் செலவுக்காகத்தான் பொதுமக்களை ஏற்றி, பயணச்சீட்டு விற்று வண்டி ஓட்டுகிறார்கள். தேநீர்க்கடை வைக்கிறார்கள். பெரிய பாதைகளில் சம்பளம் வாங்கும் ஊழியர்களும் இருக்கிறார்கள். பழையது அழகு என்று சொல்லிக் காசில்லாமல் எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றவர்களால் எஞ்சின் ஓடுவதில்லை. ஏறி உட்காருகின்றவர்களாலே ஓடுகிறது.

இந்த உழைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும்.

அதே வேல்ஸ் நாட்டிலே பெஸ்டினியொக் என்று இன்னொரு குறும்பாதை உண்டு. 1946இல் நின்றுபோனது. 1955இல் தொண்டர்கள் ஒரு சிறு பகுதியிலே வண்டியை ஓட விட்டார்கள். ஆனால் மேற்பகுதியிலே ஒரு மின்நிலையத்தின் நீர்த்தேக்கம் வந்து, பழைய தண்டவாளத்தையே மூழ்கடித்துவிட்டது. இனி என்ன செய்வது என்று அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. 1965 தொடக்கம் 1978 வரை, மண்வெட்டியும் அலவாங்கும் எடுத்து, மலையைச் சுற்றி ஏறக்குறைய இரண்டரை மைல் நீளத்துக்குப் புதிய வழியை வெட்டினார்கள். ஓரிடத்தில் பாதை தன்னையே சுற்றி, தன் தலைக்கு மேலாக ஏறிப்போகிறது. 1982இல் வண்டி கடைசி நிலையத்தைச் சென்றடைந்தது. வண்டி நின்று முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு!

மற்றது, இங்கிலாந்தில் 'டொர்னாடோ' என்ற எஞ்சின். அந்த வகையிலே கட்டப்பட்ட 49 எஞ்சின்களும் 1960களில் உடைத்து இரும்பாக விற்கப்பட்டுவிட்டன. ஒன்று கூட மிஞ்சவில்லை. 1990இல் ஒரு நிதியம் அமைத்து, மாதாமாதம் சிறுதொகை கொடுக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் உதவியோடு, பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து, ஐம்பதாவது எஞ்சினைப் புதிதாகவே கட்டினார்கள். 2008இல் அது ஓடியது. அத்தனை பெரிய கொதிகலனைச் செய்யும் கைப்பழக்கம் தங்கள் நாட்டிலே கிடைக்காததால், ஜேர்மனியிலே செய்வித்தார்கள். நீராவி எஞ்சினைப் பெற்ற நாடே அதன் கொதிகலனுக்காக அயல்நாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வரைபடம் காகிதத்திலே இருந்தது. கைவினை கையை விட்டுப் போயிருந்தது. இந்த ஒரு செய்தியை நேயர்கள் மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

தமிழகத்திலே நீலகிரி மலைப் புகையிரதம் இருக்கிறது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும், 1908இல் உதகமண்டலத்துக்கும் ஓடத் தொடங்கியது. 46 கிலோமீற்றர் பாதை. நடுவிலே பற்சட்டம் வைத்து, எஞ்சினின் பற்சில்லு அதைக் கவ்விக் கவ்வி ஏறும். 2005இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சொத்தாக ஏற்றது. பழைய எஞ்சின்கள் சுவிற்சர்லாந்திலே செய்தவை. அவை தளர்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையிலே தமிழ்த் தொழிலாளர் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து கொடுத்தார்கள். சென்னை பெரம்பூர்ப் பணிமனையிலே, 1855இல் கட்டிய ஓர் எஞ்சினைக் காட்சிமேடையிலிருந்து இறக்கி 2010இல் மறுபடியும் ஓட வைத்தார்கள். இவை தொண்டர் சங்கங்களின் வேலை அல்ல. அரசாங்கப் புகையிரதத் துறையின் வேலை. ஆயினும் கைப்பழக்கத்தைச் சாக விடவில்லை என்பதால் வணங்கத்தக்க வேலை.

நம் நாட்டிலும் சில பழைய எஞ்சின்கள் உயிரோடு வைக்கப்பட்டன. 1980களிலிருந்து 'வைஸ்ரோய் ஸ்பெஷல்' என்ற பெயரில் உல்லாசப் பயணிகளுக்காக நீராவி வண்டி வாடகைக்கு ஓடியது. 2014 டிசம்பரில், இலங்கையில் புகையிரதம் வந்து 150 ஆண்டு நிறைவின்போது, கடுகண்ணாவையிலே தேசியப் புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத்தக்க இடம். ஆனால் சாதாரண மக்கள் தாங்களே சங்கம் கூடி, தாங்களே எண்ணெய் விட்டு, தங்கள் அயலாரையே ஏற்றி ஓட்டுகின்ற வழக்கம் நம்மிடையே வேரூன்றவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். எழவேண்டிய கேள்விதான். வயிறு நிறைந்தவர்களுடைய பொழுதுபோக்கை நமக்கு ஏன் சொல்லுகிறீர் என்று கேட்பீர்கள். எங்கள் வெல்லாவெளியிலே தண்டவாளமே கிடையாது. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடிக்குப் போய், அங்கிருந்து மட்டக்களப்பு நகருக்கு வந்தால்தான் நிலையத்தைக் காணலாம். அந்த மட்டக்களப்புக்கு 1928இல் வந்த பாதை, போர்க்காலத்திலே நெடுநாள் வண்டியைக் காணாமல் கிடந்து, 2003இல்தான் மறுபடியும் வண்டியைக் கண்டது. யாழ்ப்பாணத்து மக்கள் யாழ்தேவியை மீண்டும் காண 1990 முதல் 2014 வரை காத்திருந்தார்கள். தண்டவாளத்தின் சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிக்குக் கூரையான நாட்டிலே, பழைய எஞ்சினுக்கு எண்ணெய் விடும் கதை எதற்கு?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். நமக்கு முதலில் வேண்டியது நேரத்துக்கு வரும் உதயதேவிதான். அதிலே இருக்க ஓர் இடந்தான். நிலக்கரிப் புகை நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. வேல்ஸ் நாட்டின் கடைசிப் பெரிய திறந்தவெளிச் சுரங்கம் 2023இல் மூடப்பட்ட பின், அங்குள்ளவர்களே வேறு எரிபொருளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் எஞ்சினை வாங்கி வாவிக்கரையிலே ஓட்டுவோம் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் கண்டுபிடித்த ஒரு முறையைத்தான் கவனிக்கச் சொல்லுகிறேன். பழம்பொருள் ஒன்றைக் காப்பதற்கு அதை ஓட விடுவதுதான் வழி. ஓட விடுவதற்குப் பழகிய கை வேண்டும். கை பழகுவதற்குக் குரு வேண்டும், ஒழுங்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்து ஏறுகின்ற சனம் வேண்டும். இதுதான் அந்த முறை.

இது நமக்குப் புதியதும் அல்ல. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துத் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஓடுவதனால்தான் அச்சு பார்க்கப்படுகிறது, சில்லு பார்க்கப்படுகிறது, உக்கிய மரம் மாற்றப்படுகிறது. சில்லுக்குக் கட்டை கொடுத்துத் திருப்புகிறவரின் பக்கத்திலே அவருடைய மகனோ மருமகனோ நின்று பழகுகிறான். பத்து ஆண்டு ஓடாமல் கொட்டகைக்குள்ளே பூட்டிவைத்த தேரைப் பதினோராவது ஆண்டிலே வடம் பூட்டி இழுக்க எவரும் துணியமாட்டார்.

நம்முடைய கூத்தும் அப்படித்தான். வடமோடி, தென்மோடி இரண்டுக்கும் பேர்போன மண் இது. 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே கூத்தை நவீன அரங்குக்குக் கொண்டுவந்தபோது, அவருக்குக் கைகொடுத்தது இந்த மண்ணின் அண்ணாவிமாருடைய பழக்கம். அண்ணாவியார் வீட்டு முற்றத்திலே மாதக்கணக்காக ஆட்டம் பழகி, சதங்கை அணிந்து, ஊர் கூடிக் களரி கட்டி, விடிய விடிய ஆடிய கலை அது. ஆடியவர்கள் பகலிலே வயல் செய்தவர்கள், மீன் பிடித்தவர்கள். துடைப்பவராகத் தொடங்கிச் சாரதியாகும் வேல்ஸ்காரரைப் போல, பக்கப்பாட்டுக்காரனாகத் தொடங்கி அண்ணாவியானவர்கள் நம்மிலும் உண்டு. இன்றைக்குக் கூத்துக் கொப்பிகள் அச்சேறுகின்றன. ஆராய்ச்சிக் கட்டுரைகள் வருகின்றன. அவை வேண்டியவைதான். ஆனால் கொப்பி ஆடாது. டொர்னாடோவின் வரைபடத்தைப் போல அது காகிதத்திலே இருக்கும். மத்தளக்காரருடைய விரலிலே இருப்பதை யார் வாங்கி வைக்கப்போகிறார்கள்?

தமிழ் படிப்பிக்கிறவன் என்ற முறையிலே எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. நீராவி எஞ்சினிலே இளைஞராக வேலை செய்தவர்கள் நம்மிடையே மிகச் சிலராவது இருப்பார்கள். அவர்களுக்கு இப்போது எண்பது வயதைத் தாண்டியிருக்கும். அடுப்பு எரித்தவர், கொடி காட்டியவர், கேட் மூடியவர், தண்டவாளம் பார்த்து மைல்கணக்காக நடந்தவர் என்று பலவகைத் தொழிலாளர். ஓட்டமாவடியிலே கோச்சியும் வாகனமும் ஒரே இரும்புப் பாலத்தைப் பங்குபோட்ட காலத்தை அறிந்தவர்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல் எடுத்து அவர்கள் தமக்குள்ளே பேசிக்கொண்ட தொழில்மொழி ஒன்று உண்டு. எந்த அகராதியிலும் அது முழுதாக ஏறவில்லை. எஞ்சினைக் காக்க இலட்சங்கள் வேண்டும். அந்தச் சொற்களைக் காக்க ஒரு கொப்பியும் ஒரு பேனையும், ஓய்வாக ஒரு பின்னேரமும் போதும். உயர்தரத்திலே தமிழ் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்தால், ஒரு விடுமுறைக்குள்ளே செய்து முடிக்கலாம். அதுவும் தொண்டுதான். சம்பளம் இல்லாத, ஆனால் ஒழுங்கு வேண்டிய தொண்டு. கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும். நமக்குப் பிடித்தபடி திருத்தக்கூடாது. எவரிடம், எந்த ஊரில், எந்த நாளில் கேட்டோம் என்று குறிக்க வேண்டும்.

நம் சனத்துக்குச் சிரமதானம் புதிதல்ல. குளக்கட்டுக்கு மண் சுமந்திருக்கிறோம்; கோயிலுக்கு ஓலை வேய்ந்திருக்கிறோம்; வெள்ளத்திலே படகு தள்ளியிருக்கிறோம். ஒருநாள் கூடி, ஒருநாளிலே செய்து முடித்துக் கலைவதில் நாம் வல்லவர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும், முப்பது ஆண்டுக்கு, அதே வேலைக்கு அதே ஆட்கள் வந்து, தமக்குப் பின் வருகிறவனுக்கும் பழக்கிக் கொடுப்பது வேறு வகையான சிரமதானம். வேல்ஸ் நாட்டுத் தொண்டர்கள் நமக்குக் காட்டித் தருவது அதைத்தான். அவர்களுடைய பாதையைத் தம்முள் கொண்ட சிலேட்டு மலைநாட்டை 2021இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக ஏற்றது. அந்தப் பெருமை, 1951இலே சேற்றில் நின்று கட்டை மாற்றியவர்கள் கண்ட கனவிலே இருந்திருக்காது. அவர்களுக்கு அன்றைக்கு இருந்த கவலை, அடுத்த வண்டி கவிழாமல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான்.

உங்கள் ஊரிலே அடுத்த கூத்துக்குக் களரி கட்டும்போது, பாயை எடுத்துக்கொண்டு போய் விடியும் வரை இருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டிலே ஒரு பழைய கோச்சிக்காரர் இருந்தால், அவர் பக்கத்திலே ஒரு கொப்பியோடு உட்காருங்கள். வடத்தைப் பிடிப்பதற்கு நாள் பார்க்க வேண்டாம்.